ஒன்பது ஊருக்கு ஒரே கேள்வி

1

பாளையங்கோட்டையில் மாதப் பத்திரிகை நடத்தும் நம் ஆசிரியர் அண்ணாச்சி போன கடுதாசியில் எனக்கு ஒரு கட்டளை போட்டிருந்தார். "சீமைக்குப் போய் ஏழெட்டு வருஷமாச்சு. டிராம் வண்டி, உறைபனி, துரைசானிமார் உடுப்பு, இதையெல்லாம் பத்தி நாலு பக்கம் எழுதும் வே. இங்கன உள்ளவங்க ஆசையாப் படிப்பாங்க." எழுதத்தான் உட்கார்ந்தேன். டிராம் வண்டி அரைப் பக்கம் ஓடியது. அதற்குமேல் பேனா நகரமாட்டேன் என்கிறது.

காரணம், மேஜைமேல் கிடக்கிற இன்னொரு கடுதாசி. அது வந்து பதினோரு நாளாகிறது. எழுதியவன் சாமுவேல், என் மனைவி எஸ்தரின் தம்பி. மூன்று பெண்பிள்ளைகளுக்குப் பிறகு ஆண்பிள்ளை பிறந்திருக்கிறதாம். அவன் எழுத்திலேயே தருகிறேன்.

"அத்தான், பிள்ளைக்கு உங்க பேரு வேதமுத்துன்னே வைக்கணும்னு நானும் அன்னம்மாளும் முடிவு பண்ணியிருக்கோம். அன்னைக்குச் சேதி கிடைச்ச நிமிஷமே நீங்க ஓடிப்போய்ச் சாட்சி சொல்லலைன்னா இந்தப் பிள்ளையும் இல்ல, நானும் இல்ல. உங்க சம்மதம் எழுத்துல வரட்டும். வந்த பிறகுதான் ஞானஸ்நானம். அதுவரைக்கும் சும்மா தம்பி தம்பின்னு கூப்பிட்டுக்கிட்டு இருக்கோம்."

சேதி கிடைத்த நிமிஷமே நான் சாட்சி சொல்லவில்லை. மூன்று வாரம் கழித்துத்தான் சொன்னேன். அந்த மூன்று வாரமும் அவன் காவலில் கிடந்தான். இது சாமுவேலுக்குத் தெரியாது. எஸ்தருக்கும் தெரியாது, ஏனென்றால் முதல் நாளே போய்ச் சொல்லிவிட்டேன் என்று அவளிடம் சொன்னவன் நான்தான்.

இந்த எடின்பரோ பட்டணத்திலிருந்து இந்தியாவுக்குத் தபால் வாரம் ஒருமுறை, வியாழக்கிழமை சாயந்தரம் கட்டுகிறார்கள். கடுதாசி வந்த பிறகு ஒரு வியாழன் போய்விட்டது. நாளை மறுநாள் இன்னொன்று. அங்கே ஒரு பச்சைப்பிள்ளை என் வாயைப் பார்த்துக்கொண்டு பேரில்லாமல் கிடக்கிறது. எஸ்தர் தினமும் கேட்கிறாள், "சாமுவேலுக்கு எழுதிட்டீங்களா?" என்று. "எழுதுதேன்" என்கிறேன். வீட்டில் உட்காரவும் முடியவில்லை, வெளியே போனால் நிற்கவும் முடியவில்லை.

2

நான் இங்கே என்ன படிக்க வந்தேன் என்பது ஊரில் யாருக்கும் பிடிபடவில்லை. வக்கீல் படிப்பா என்றார்கள். டாக்டர் படிப்பா என்றார்கள். பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தவனுக்குப் பாதிரியார் ஒருவர் உதவி செய்து கப்பலேற்றுகிறார் என்றால் வேதப் படிப்பாகத்தான் இருக்கும் என்று சபையில் முடிவே கட்டிவிட்டார்கள். என் அப்பா மட்டும் நேரே கேட்டார்.

"அப்போ என்னத்தலே படிக்கப் போற?"

"ஒவ்வொரு தேசத்துலயும் ஆட்சி எப்படி நடக்குன்னு ஒண்ணோட ஒண்ணு வச்சுப் பார்க்கிற படிப்புப்பா."

"பார்த்து?"

நான் பெட்டியைக் கட்டப் போய்விட்டேன்.

முதல் வகுப்பில் எங்கள் பேராசிரியர் பலகையில் நார்வே, சுவீடன் என்று இரண்டு பேர் எழுதினார். ஒரே ராஜாவுக்குக் கீழே இருந்த இரண்டு தேசங்கள், அப்போதுதான் ஒரு துப்பாக்கிகூட வெடிக்காமல் பிரிந்திருந்தன. வேறு இடங்களில் இதே மாதிரிப் பிரிவினைக்கு ரத்தம் ஆறாக ஓடியிருக்கிறது. இங்கே ஏன் ஓடவில்லை? எதெல்லாம் இரண்டு இடத்திலும் ஒன்றுபோல இருக்கிறது என்று முதலில் எழுது, அதையெல்லாம் அடித்துவிடு, அடிக்க முடியாமல் மிஞ்சுகிற ஒன்று எதுவோ அதிலே காரணத்தைத் தேடு என்றார். ஒரு தேசம் பக்கத்துத் தேசத்திடம் எப்படி நடந்துகொள்ளும் என்று தெரியவேண்டுமானால், அது தன் வீட்டுக்குள்ளே சொந்த ஜனங்களிடம் எப்படி நடந்துகொள்கிறது என்று பார்க்கவேண்டும் என்பது அவர் கட்சி. வகுப்பில் நான் ஒருவன்தான் கறுப்பு. எல்லாரும் நார்வேயைப் பற்றிப் பேசினார்கள். என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி நார்வேயைப் பற்றியே பேசினார்கள்.

எனக்கு அந்த நாளில் ஒரு வியாதி இருந்தது. எதைப் படித்தாலும் "எங்க ஊர்லயும் இது உண்டு" என்று எழுதிவிடுவேன். ஊராட்சியா, எங்க ஊர்ல உண்டு. ஓட்டா, குடவோலை போட்டவங்களே நாங்கதான். பேராசிரியர் ஒருமுறை சிவப்பு மையில் எழுதினார்: நீர் ஒப்பிட்டுப் பார்க்கவில்லை, ஊருக்கு வக்காலத்து வாங்குகிறீர். எனக்கு வந்த கோபத்தில் இங்கே பட்டணத்து நடுவில் இருக்கிற குன்றை இரண்டு சுற்றுச் சுற்றினேன். மூன்றாவது சுற்றில், மனுஷன் சொல்வது சரிதான் என்று பட்டது.

பிறகுதான் ஆராய்ச்சிக்கு ஒரு விஷயம் பிடித்தேன். இந்த நாட்டின் வடக்கே மலைப் பிரதேசத்தில் குடியானவர்கள் இருக்கிறார்கள். ஊருக்குப் பொதுவாக மேய்ச்சல் காடு. யார் எத்தனை ஆடு விடலாம், எந்த மாசம் விடலாம் என்பதை ஊர் தேர்ந்தெடுத்த ஒரு ஆள் சொல்லுவான். அவனுக்குச் சர்க்கார் சம்பளம் கிடையாது. மீறினவன் ஆடுகளை மற்றவர்கள் சேர்ந்து மலையை விட்டு ஓட்டிவிடுவார்கள். இதைப் படித்ததும் எனக்கு ஆழ்வார்குறிச்சிப் பக்கம்தான் கண்ணில் நின்றது. நம் ஆற்றில் குறுக்கே அணை, அணையிலிருந்து பிரியும் வாய்க்கால், அந்தக் கால் பாய்கிற ஒன்பது ஊர். எந்த வயலுக்கு எப்போது மடை திறக்கலாம் என்று சொல்கிற நீர்பாய்ச்சி. சித்திரையில் கால் தூர்வார வீட்டுக்கு ஒரு ஆள் மண்வெட்டியோடு வந்தாகவேண்டும், வராதவன் வயலுக்குத் தண்ணீர் இல்லை. அங்கே புல், இங்கே தண்ணீர். மற்றதெல்லாம் ஏறக்குறைய ஒன்று. இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன் என்றேன். பேராசிரியருக்கு முதல்முறையாக முகம் மலர்ந்தது.

3

என் ஜீவனத்தைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் எல்லா வினையும் அங்கேதான் முளைத்தது.

காலையில் எட்டரைக்குப் படி இறங்குவேன். நாங்கள் இருப்பது நாலாவது மாடி. ஒன்பது மணிக்கு ஒரு நீண்ட மேஜையைச் சுற்றி எட்டுப் பத்துத் துரைப்பிள்ளைகள் இருப்பார்கள். எல்லாருக்கும் இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயசு. பரீட்சை தேறி, நம் ராஜதானிக்குச் சப்கலெக்டர்களாகப் போகக் காத்திருப்பவர்கள். அவர்களுக்குத் தமிழ் சொல்லிக்கொடுப்பது என் வேலை. பாடப் புத்தகத்தில் உள்ள வாக்கியங்களை அவர்கள் சொல்ல, நான் திருத்தவேண்டும். "உன் பெயர் என்ன? உன் கிராமம் எது? இதை உனக்குக் கொடுத்தவன் யார்? உண்மையைச் சொல்." வருஷா வருஷம் ஆவணியில் அந்த வேலையைப் புதுப்பித்து ஒரு பத்திரம் வரும். வந்தால் எங்களுக்கு அடுத்த வருஷம் அடுப்பெரியும். வராவிட்டால் கப்பலேற வேண்டியதுதான்.

இந்தத் தமிழினால் வீட்டில் ஒரு கூத்து நடந்தது. எங்கள் மகள் கனிக்கு இப்போது ஒன்பது வயசு. இங்கே பள்ளிக்கூடத்தில் சேர்ந்த ஆறு மாசத்தில் தமிழ் அவள் வாயை விட்டு இறங்கிப் போய்விட்டது. அம்மா தமிழில் கேட்பாள், இவள் இங்கிலீஷில் பதில் சொல்லுவாள், அதுவும் எடின்பரோத் தெருவில் பேசுகிற இழுவை இங்கிலீஷ். போனால் போகிறது என்று நான் அந்தப் பாடப் புத்தகத்தையே கொண்டுவந்து அவளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். ஒரு நாள் சாயந்தரம் வாசலில் நின்றுகொண்டு என்னைக் கேட்டாள்: "நீர் எங்கே போயிருந்தீர்? தாமதத்திற்குக் காரணம் கூறும்." எஸ்தர் சிரித்துச் சிரித்து, கையிலிருந்த மாவோடு தரையில் உட்கார்ந்துவிட்டாள். நானும் சிரித்தேன். அன்றைக்கு அதில் எனக்கு ஒன்றும் தைக்கவில்லை.

4

ஆராய்ச்சிக்குக் கேள்விகள் தயார் செய்தேன். மொத்தம் ஏழு. இங்கிலீஷில் எழுதி, பேராசிரியர் ஓரத்தில் சிவப்பு மையில் திருத்தி, பிறகு நான் தமிழில் ஆக்கினேன். எல்லாம் ஒரே நோட்டுப் புத்தகத்தில் இருந்தது. நாலு கேள்வியை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

உங்கள் ஊரில் சர்க்கார் சம்பளம் வாங்காத எந்த மனிதன் சொல்லுக்கு ஜனங்கள் கட்டுப்படுகிறார்கள்? ஒன்பது ஊருக்கும் ஒரு சேதி போய்ச் சேர எத்தனை நாழிகை ஆகும், யார் கொண்டுபோவார்கள்? கூப்பிட்டபோது வராதவனை ஊர் என்ன செய்யும்? சர்க்கார் ஆள் சொல்வதும் ஊர் சொல்வதும் மாறுபட்டால் எது நிற்கும்?

வடக்கே மலைக் கிராமத்தில் ஒரு பள்ளிக்கூட வாத்தியார் பதில் வாங்கித்தர ஒப்புக்கொண்டார். நம் பக்கத்துக்குச் சாமுவேல். அப்போது அவன் ஆற்றங்கரையில் ஒரு தாலுகா கச்சேரியில் குமாஸ்தா. கையெழுத்து அச்சுப்போல இருக்கும். ஒரு காரியத்தை ஒப்புக்கொண்டால் வரிக்கு வரி செய்வான். அவனுக்கு நான் படிப்பில் கற்ற முறைகளையெல்லாம் கட்டளையாக எழுதினேன். ஒன்பது ஊருக்கும் ஒரே கேள்வி, ஒரு எழுத்து மாறக்கூடாது. பதில் சொல்கிறவர் பேரை எழுதவேண்டாம், ஊருக்கு ஒரு எண் போட்டால் போதும். ஒரு ஊர் சொன்னதை இன்னொரு ஊருக்குச் சொல்லாதே. சர்க்கார் உத்தியோகஸ்தர் கண்ணில் படாமல் கேள், அவர்கள் பக்கத்தில் இருந்தால் ஜனங்கள் உள்ளதைச் சொல்லமாட்டார்கள்.

படித்துப் பாருங்கள். ஆராய்ச்சி என்று பார்த்தால் ஒரு குறையும் சொல்ல முடியாது. எங்கள் பேராசிரியர் இதற்கு "மிக நன்று" போட்டார்.

சாமுவேல் தன் கையாலேயே ஒன்பது பிரதி எழுதினான். ஒன்று முதல் ஒன்பது வரை எண் போட்டான். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, ஊர் ஊராக நடந்தே போய்க் கொடுத்தான். "ஒம்பது ஊருக்கும் போயாச்சு அத்தான். நீர்பாய்ச்சிமார் சிரிக்காங்க. சீமையில இதையெல்லாமா வே படிக்காங்கன்னு கேக்காங்க. பைய யோசிச்சுச் சொல்லுதோம்னாங்க" என்று எழுதியிருந்தான். அந்தக் கடுதாசியை நான் பேராசிரியருக்கே மொழிபெயர்த்துச் சொல்லிப் பெருமைப்பட்டேன்.

அது புது ராஜாவுக்கு முடிசூட்டிய வருஷம். இங்கே தெருவெல்லாம் கொடி கட்டிக்கொண்டிருந்தார்கள். அதே வாரத்தில்தான் நம் ஜில்லாக் கலெக்டரை ரயிலில் வைத்துச் சுட்டுவிட்டார்கள் என்ற சேதி வந்தது. அது எல்லாருக்கும் தெரிந்த கதை, நான் சொல்லவேண்டியதில்லை. ஜில்லா முழுக்க வீடு வீடாகச் சோதனை போட்டார்கள். ஒரு ஊரில், எழுத்துக்கூட்டிப் படிக்கிற ஒரு பெரியவர் வீட்டுக் கூரையில் நாலாம் எண் பிரதி அகப்பட்டது. பேர் இல்லாத காகிதம். எண் மட்டும். சர்க்கார் ஆள் சொல்வதும் ஊர் சொல்வதும் மாறுபட்டால் எது நிற்கும்? இதை உனக்குக் கொடுத்தவன் யார் என்று கேட்டிருப்பார்கள். தாலுகா கச்சேரிக் குமாஸ்தா என்று அவர் சொல்லிவிட்டார். வேறென்ன செய்வார் பாவம்.

5

எனக்கு விஷயம் தெரிந்தது சாமுவேலின் மனைவி அன்னம்மாள் எழுதிய கடுதாசியில். மூன்று வாரம் கடலில் வந்த கடுதாசி. ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் வந்தது.

"அண்ணே, அவுகளைக் காவல்ல வச்சிருக்காங்க. நீங்க எழுதின கடுதாசி அத்தனையையும் போலீஸ் வாரதுக்கு முந்தி அடுப்புல போட்டுட்டாக. ஏன்னு கேட்டா, அத்தான் படிப்பு கெட்டுரும்ங்காக. ஒம்பதையும் நானா யோசிச்சு எழுதினேன்னு சொல்லிட்டாக. நீங்க ஒரு வார்த்தை எழுதி அனுப்பினாத்தான் விடுவாங்க. அவுகளுக்குத் தெரியாமத்தான் இதை எழுதுதேன்."

எஸ்தர் கடுதாசியை வாங்கிப் படித்தாள். என் தொப்பியையும் மேல்கோட்டையும் அவளே எடுத்துவந்து கொடுத்தாள். "போங்க" என்றாள்.

செய்யவேண்டியது இன்னதென்று எனக்கு அந்த நிமிஷமே தெரியும். நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போய், இங்கே ஒரு மாஜிஸ்ட்ரேட் முன்னால் சத்தியம் பண்ணி, கேள்விகள் என்னுடையவை, ஆராய்ச்சிக்காக எழுதினேன், இதோ பேராசிரியரின் சிவப்பு மை என்று பத்திரம் எழுதி, அந்த வியாழன் தபாலில் ஜில்லாவுக்கு அனுப்பவேண்டும். வெறும் தந்தி போதாது, நோட்டே போகவேண்டும். போனேன். நோட்டு என் கோட்டுக்குள் இருந்தது.

அங்கே ஒரு குமாஸ்தா நிரப்பவேண்டிய அச்சுப் பாரம் ஒன்றை எடுத்தார். பேர், வயசு, பிறந்த ஊர். திருநெல்வேலியை எழுத்துக்கூட்டிச் சொல்ல மூன்று தடவை ஆயிற்று. பிறகு, என்ன தொழில் என்றார். சொன்னேன். எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். அப்படியானால் இதில் ஒரு நகல் லண்டனுக்கும் போகும், உங்கள் மேலதிகாரிகளுக்கு என்றார். மனுஷன் மரியாதையாகத்தான் சொன்னார். வேலையைப் புதுப்பிக்கும் பத்திரம் அப்போது வரவேண்டிய நேரம். கலெக்டரைச் சுட்ட ஜில்லாக்காரன், ஊருக்கு ஊர் ரகசியக் கேள்வி அனுப்பினவன், அவனா நம் சப்கலெக்டர்களுக்குத் தமிழ் சொல்லிக்கொடுப்பது என்று எவனாவது கேட்டால் முடிந்தது.

"நாளைக்கு வருகிறேன்" என்றேன்.

வீட்டுக்கு வந்து நாலு மாடியும் ஏறினேன். மேல்படியில் எஸ்தர் நின்றுகொண்டிருந்தாள்.

"சொல்லிட்டீங்களா?"

"சொல்லிட்டேன். இந்தத் தபால்லயே போயிரும்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அன்றைக்கே உட்கார்ந்து அன்னம்மாளுக்கு எழுதினாள், அவங்க அன்னைக்கே போய்ச் சொல்லிட்டாங்க, தைரியமா இரு என்று. அந்தக் கடுதாசியைத் தபாலில் போட்டவனும் நான்தான்.

முதல் வியாழன் போயிற்று. வேலைப் பத்திரம் வரட்டும், வந்த மறுநாள் போவோம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இரண்டாவது வியாழன் போயிற்று. எனக்குச் சோறு இறங்கவில்லை. தம்பியை நினைத்து வருந்துகிறார் என்று எஸ்தர் எனக்கு ரசம் வைத்துக் கொடுத்தாள். மூன்றாவது வியாழனும் போயிற்று. அதற்கடுத்த திங்கட்கிழமை பத்திரம் வந்தது. கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்பினேன். மறுநாள் காலையில் மாஜிஸ்ட்ரேட் ஆபீஸ் படி ஏறினேன். அதே குமாஸ்தா. என்னை ஞாபகம் வைத்திருந்தார். பேசாமல் அந்தப் பழைய பாரத்தையே எடுத்துவைத்தார், பாதி எழுதினபடி.

லண்டனிலிருந்து என்னை யாரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. பேராசிரியர் கையெழுத்துப் போட்ட காகிதம் என்றால் அதற்கு அவ்வளவு மதிப்பு. முதல் நாளே சொல்லியிருந்தாலும் கேட்டிருக்கமாட்டார்கள்.

6

சாமுவேலை விட்டுவிட்டார்கள். வேலையை மட்டும் திருப்பிக் கொடுக்கவில்லை. இப்போது திசையன்விளைப் பக்கம் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருக்கிறான். என்மேல் ஒரு வருத்தமும் இல்லை அவனுக்கு, கேள்வியே என்னுடையது என்று தெரிந்தும்.

வடக்கு மலைக் கிராமத்திலிருந்து பதில் என்னவோ இரண்டே வாரத்தில் வந்துவிட்டது. சர்க்காரும் ஊரும் மாறுபட்டால் எது நிற்கும் என்ற கேள்விக்கு, "ஊர்தான். இந்தப் பதிலைத் தபாலில் சேர்ப்பதே எங்கள் ஊர்ப் போலீஸ்காரன்தான், அவன் ஆடும் அந்தக் காட்டில்தான் மேய்கிறது" என்று எழுதியிருந்தார் அந்த வாத்தியார். நம் பக்கத்துப் பதில் ஒன்றுகூட வரவில்லை. ஞாபகத்தில் இருந்ததை வைத்து எழுதினேன். புல்லுக்கும் தண்ணீருக்கும் என்ன வித்தியாசம் என்று முப்பது பக்கம் எழுதினேன். பட்டம் கொடுத்தார்கள். ஒரே கேள்வியை ஒரே வார்த்தையில் இரண்டு இடத்தில் கேட்டதற்கு, ஒரு இடத்தில் போலீஸ்காரன் தபால் சுமந்தான், இன்னொரு இடத்தில் கைவிலங்கு கொண்டுவந்தான். அடிக்க முடியாமல் மிஞ்சிய ஒன்று அதுதானே? அதை எழுதியிருக்கவேண்டும். எழுதவில்லை. ஆவணி வந்தால் பத்திரம் வரவேண்டுமே.

இனி, இந்தப் பதினோரு நாளும் என்னை உட்காரவிடாமல் அடிக்கிற வரி எது என்று சொல்லுகிறேன். சாமுவேலின் கடுதாசியில் கீழே, போகிற போக்கில் எழுதியிருக்கிறான்.

"உங்களுக்கு எழுதினதை அன்னம்மா பிறகு எங்கிட்ட சொல்லிட்டா, உள்ள இருக்கும்போது நான் கணக்குப் போட்டு வச்சிருந்தேன் அத்தான். அன்னம்மா கடுதாசி போக மூணு வாரம், உங்க காகிதம் வர மூணு வாரம். ஆறு வாரம் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்துட்டேன். ஏழாவது வாரம் வரல. எட்டாவது வாரம் வயித்தால போக ஆரம்பிச்சிட்டு, எந்திரிக்க முடியல. ஒம்பதாவது வாரமும் காணலை. கடல்ல புயலு, கப்பல் எங்கனயோ நின்னுபோச்சுன்னு நினைச்சேன். அந்தக் கப்பல்காரனை நான் திட்டாத திட்டு இல்ல. பாவம், அவனுக்கு விக்கல் எடுத்திருக்கும்."

மேலே உள்ளது செவ்வாய்க்கிழமை எழுதியது. வியாழக்கிழமை காலை எஸ்தரிடம் சொன்னேன். கனி பள்ளிக்கூடம் போயிருந்தாள். எஸ்தர் அரிசி களைந்துகொண்டிருந்தாள். நான் அடுப்படி வாசலில் நின்றபடியே முதலிலிருந்து கடைசிவரை சொன்னேன். குமாஸ்தா, பாரம், நாளைக்கு வருகிறேன் என்றது, மேல்படியில் அவளிடம் சொன்ன பொய், பத்திரம் வந்த திங்கட்கிழமை. அவள் திரும்பவில்லை. களைந்த அரிசியையே மறுபடி மறுபடி களைந்தாள்.

"அப்போ கப்பல் நேரத்துக்குத்தான் போயிருக்கு" என்றாள்.

"ஆமா."

"அவன் கப்பல்காரனைத் திட்டிக்கிட்டுக் கிடந்திருக்கான். நான் உங்களுக்கு ரசம் வச்சுக் கொடுத்துக்கிட்டு இருந்திருக்கேன்."

அரிசிப் பானையைக் கீழே வைத்தாள்.

"அன்னைக்கே போனீங்கன்னு அன்னம்மாளுக்கு எழுதினது என் கை. அதைப் படிச்சுத்தான் அவங்க உங்க பேரை வைக்கணும்ங்காங்க." கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு மேஜைக்கு வந்தாள். காகிதத்தையும் மைக்கூட்டையும் என் முன்னால் நகர்த்தினாள். "நான் எழுதமாட்டேன். நீங்களே எழுதுங்க. இன்னைக்கே."

எழுதினேன். ஒன்றரைப் பக்கம். சமாதானம் எதுவும் சொல்லவில்லை, சொல்ல இருந்தால்தானே. என் பேரை வைக்காதே, பிள்ளைக்கு உன் அப்பா பேரை வை என்று முடித்தேன். எழுதியதை எஸ்தர் படிக்கவில்லை. உறையில் போட்டு ஒட்டினாள். நான் தொப்பியை எடுத்தேன்.

"உங்க கையில கொடுக்கமாட்டேன்" என்றாள்.

இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து எஸ்தர் தனியாகப் பெரிய தெருவுக்குப் போனதில்லை. சேலையைப் பார்த்துப் பிள்ளைகள் பின்னால் வருவார்கள், வண்டிக்காரர்கள் ஏதாவது சொல்லுவார்கள், இவளுக்குப் பதில் சொல்லத் தெரியாது. அன்றைக்கு மேல்கோட்டைப் போட்டுக்கொண்டு தனியாகவே இறங்கிப் போனாள். ஜன்னலில் நின்று அவள் தெருமுனை திரும்பும்வரை பார்த்தேன். ஒன்றேகால் மணி நேரம் கழித்து வந்தாள். தபாலில் சேர்த்த சீட்டை மேஜைமேல் வைத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து சமையலைத் தொடர்ந்தாள்.

7

இது ஏழு வாரம் கழித்து எழுதுவது. ஆசிரியர் அண்ணாச்சி, டிராம் வண்டி அரைப் பக்கத்தோடு இதையும் சேர்த்து அனுப்புகிறேன். போடுவதும் போடாததும் உம் இஷ்டம். சாமுவேல் உம் பத்திரிகை வாங்குகிறவன், படிக்கட்டும். எஸ்தரும் படிப்பாள். அவளிடம் நேரில் கேட்க முடியாத ஒன்று இதில் இருக்கிறது.

இடையில் வீட்டில் சண்டை ஒன்றும் இல்லை. இருந்திருந்தால் தேவலை. வேளாவேளைக்குச் சோறு வந்தது. என் சட்டைக்குப் பொத்தான் தைத்து வைத்திருந்தாள். ரசம் மட்டும் வைக்கவில்லை. நான் காலையில் போய் உண்மையைச் சொல் உண்மையைச் சொல் என்று துரைப்பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு நடத்திவிட்டு வந்தேன். வருகிற ஆவணிக்குப் பத்திரம் வந்தால் கையெழுத்துப் போடுவேனா என்று தெரியவில்லை. போடமாட்டேன் என்று இங்கே எழுதிவிடலாம், எழுதினால் அழகாகவும் இருக்கும். ஆனால் என்னை எனக்குத் தெரியும்.

போன திங்கட்கிழமை சாமுவேலிடமிருந்து பதில் வந்தது. உறைமேல் எஸ்தர் பேர்தான் இருந்தது. எப்போதும் என் பேருக்குத்தான் எழுதுவான். அவள் ஜன்னல் பக்கம் வெளிச்சத்தில் நின்றுகொண்டு, எனக்கும் கனிக்கும் கேட்கும்படி வாய்விட்டுப் படித்தாள். பிள்ளைக்கு அப்பா பேரை வைத்தாயிற்று, ஆசீர்வாதம். ஞாயிற்றுக்கிழமை ஞானஸ்நானம் நடந்தது. பிள்ளை அழவே இல்லை. அன்னம்மாளுக்கு உடம்பு தேவலை. இந்த வருஷம் ஆற்றுப் பக்கம் நல்ல தண்ணீர், இங்கே திசையன்விளையில்தான் மழையைக் காணோம். கனிக்கு முத்தங்கள். கடைசியாக, கொஞ்சம் நிறுத்தி, "அத்தானைக் கேட்டதாகச் சொல்லவும்" என்று படித்தாள்.

எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அந்த ஒரு வரியைக் கேட்க நான் ஏழு வாரம் காத்திருந்தேன் என்று அப்போதுதான் எனக்கே தெரிந்தது. முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டேன். எஸ்தர் கடுதாசியை மடித்து அலமாரியில் வேதப்புத்தகத்துக்கு அடியில் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

அந்த வரியை என் கண்ணால் ஒருமுறை பார்க்கவேண்டும்போல இருந்தது. எழுந்து போய்க் கடுதாசியை எடுத்துப் பிரித்தேன். கனிக்கு முத்தங்கள் என்று இருந்தது. அதற்குக் கீழே, இப்படிக்குத் தம்பி சாமுவேல் என்று அவன் கையெழுத்து. நடுவில் ஒன்றும் இல்லை. தாளைத் திருப்பிப் பார்த்தேன். உறைக்குள்ளே விரலை விட்டும் பார்த்தேன்.

"என்ன தேடுதீங்க?" என்று அடுப்படியிலிருந்து எஸ்தர் கேட்டாள்.

"ஒண்ணுமில்ல" என்றேன்.